மதுவிலக்கும் மருத்துவ ஆராய்ச்சியும்

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தார். எனவே, குடி தனிமனிதன் ஒழுக்கத்தோடு மட்டுமன்றி நாடு காக்கும் முறையோடும் தொடர்புடையது எனக் கொள்ளலாம். சென்னை மாகாண வரலாறும் இதனை வலியுறுத்தும். 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கிற்று. குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி எழுந்தது. 1948 அக்டோபர் 2-இல் விலக்கு மாகாணம் முழுமையும் தழுவியது. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அன்று இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்தவை. 1949 முதல் 1952 வரை அம்மாகாண ஆட்சித் தலைமையை ஏற்றவர் இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா ஆவார்.

1971-இல் விலக்கு நிறுத்திவைக்கப்பட்டது, 1974-இல் மீண்டது, பின்னரும் மாறியது. சட்டம் மாறலாம், நோய் மாறுவதில்லை. சட்டம் குடித்தலைக் குற்றமெனக் கண்டது. குடிக்கு அடிமையானவனை நோயாளியெனக் காணும் நெறிக்குச் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் சான்றாகும்.

1984-இல் கிருட்டிணன்கோவிலில் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இவ்விரு ஊர்க்கும் அணித்தே உள்ளது. அத்தகைய கல்வி நிலையமும் மருத்துவ நிலையமும் கைகோத்து, ஏழைக் குடும்பத்து மாணாக்கரை இத்துறையிற் பயிற்றுதல் வேண்டும். ஊரின் நாணம் அறிந்தவர் வினவினாலன்றி வீட்டார் மெய் உரையார். மெய் அறியாத ஆராய்ச்சி நோய் தீர்க்க உதவாது.