இனிப்பும் பத்தியமும்: எல்லைப்புறத் தமிழர் உணவு வரலாற்றில் ஓர் ஏடு

அறுசுவையை எண்ணத் தொடங்குவோர் பெரும்பாலும் இனிப்பையே முதலில் எண்ணுவர். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பதும், மணமக்களுக்குப் பாலும் பழமும் அளிப்பதும், நற்செய்தி கொணர்ந்தவர் வாயில் சர்க்கரை இடுவதும் நம் வழக்கம். இவ்வாறு வாழ்வின் ஒவ்வொரு வாயிலிலும் நின்று நம்மை வரவேற்கும் சுவையை, நாற்பது வயதில் மருத்துவர் ஒருவர் "இனி வேண்டா" என்று ஒரு சொல்லால் விலக்கினால், நாவு எளிதில் இணங்குமோ? உடல் எடையைக் குறைக்க வேண்டியும் நீரிழிவுக்கு அஞ்சியும் உணவைச் சுருக்க முற்படும் அன்பர்கள் நம் சங்கத்தில் இன்று பலர். பகலெல்லாம் உறுதியோடு இருந்து, மாலையில் பலகாரத் தட்டின் முன் அவ்வுறுதியை இழப்போரும் அவருள் பலர். நம் முன்னோர் இனிப்பை எவ்வாறு ஆண்டனர், பின்னர் இனிப்பு நம்மை ஆளத் தொடங்கியது எங்ஙனம் என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தல் பயனுடையதாகும்.

இதற்குப் பாலக்காடும் இடுக்கியின் கீழ்த்திசை எல்லையும் மிகப் பொருத்தமான களங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிட்டுத் தமிழகத்திற்கும் மலையாள நாட்டிற்கும் வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரின் அப்பால், மழை மறைவில் அமைந்தது அஞ்சுநாடு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களால் அப்பெயர் பெற்றது. மதுரைப் பக்கத்திலிருந்து முற்காலத்தில் குடிபெயர்ந்தவர் தாம் என்று அந்நாட்டு வேளாளரும், அவ்வாறே முதுவரும் தத்தம் மரபுரையில் கூறுவர். அங்குப் பிறக்கும் பாம்பாறு, கேரளத்தின் பெரும்பாலான ஆறுகளைப் போல மேற்கே ஓடாமல், கிழக்கே திரும்பி அமராவதியோடு கலக்கின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டது. ஆறு எல்லையை மதிக்கவில்லை, அடுக்களையும் மதிக்கவில்லை.

கரும்பின் பழமைக்குத் தமிழிலேயே சான்று உண்டு. புறநானூற்றின் 99ஆம் பாட்டில், அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாராட்டுகின்றார். ஒரு பயிரைக் கொணர்ந்ததை மன்னர் குடியின் பெரும்புகழாகச் சொல்லும் அளவிற்கு அஃது அரியதாய் இருந்தது என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது. கரும்பு வந்த பின்னரும், எளிய மக்களின் இனிப்பு பெரும்பாலும் பனையிலிருந்தே கிடைத்தது. பாலக்காட்டின் கீழ்ப்பகுதியில், சித்தூர் வட்டத்து வெளிகளில், வரிசை வரிசையாய் நிற்கும் பனைகளைக் கண்டவர் அறிவர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். ஒரு நாளைக்கு இருமுறை மரமேறி, விறகு தேடி, அடுப்பின் முன் வெந்து, பின்னரே ஒரு சிரட்டை அளவு இனிப்பைக் காண இயலும். பருவம் கடந்தால் அதுவும் இல்லை.

மறையூர் வெல்லத்தின் கதையும் இத்தகையதே. வெட்டிய கரும்பை ஆலையில் பிழிந்து, சாற்றை அகன்ற கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவர். சிறிதளவு சுண்ணாம்பு இட்டு, மேலெழும் அழுக்கை அரித்து எடுப்பர். பாகு பதம் பெற்றதும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, ஆறுமுன் கையால் உருட்டுவர். அச்சு வெல்லம்போல் அச்சில் வார்ப்பதில்லை. ஒவ்வோர் உருண்டையிலும் உருட்டியவர் கைவரை பதிந்திருக்கும். சற்றுத் தாமதித்தால் பாகு இறுகிவிடும். சற்று முந்தினால் கை வெந்துவிடும். இந்த வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெளியிடத்து வெல்லத்தை மறையூர்ப் பெயரால் விற்கும் போலி வாணிகத்தால் நெடுங்காலம் இழப்புற்ற உழவர்க்கு அஃது ஓர் ஆறுதல்.

பழங்காலத்தில் மக்கள் அனைவரும் நாவடக்கம் உடையவராய் இருந்தனர் என்று சொல்லிப் பெருமை கொள்வோர் உண்டு. அஃது அவ்வளவும் உண்மையன்று. இனிப்பு அருமையாய் இருந்தது. அருமையே அன்றைய பத்தியம். பொங்கலுக்கும் ஓணத்திற்கும் கல்பாத்தித் தேர்த்திருவிழாவிற்கும் இடையே நாள்கள் பல இருந்தன. அந்நாள்களில் கஞ்சியும் புழுக்கும் மோரும் கீரையும் உண்டு வேலை செய்தனர். திருவிழா நாளில் அடைப் பிரதமனை மனம் நிறைய உண்டனர்; மறுநாள் அது கிடைக்காது. விருந்தின் ஒழுங்கிலும் இனிப்பிற்கு ஓர் இடம் வகுத்திருந்தனர். பாலக்காட்டு விருந்தில் சாம்பாரும் இரசமும் முடிந்த பின்னரே பாயசம் வரும். அதன் பின் மோர்ச்சோறு வந்து நாவிலிருந்த இனிப்பைத் துடைத்துவிடும். திருவாதிரைக்கு 'ஒரு வாய்க் களி' என்றே நாட்டு வழக்கு கூறும். ஒரு பானைக் களி என்று கூறவில்லை.

எனினும் மனித மனம் சூழ்ச்சி உடையது. நோன்பிற்குள்ளேயே அது விருந்தை நுழைத்துவிட்டது. 'பலகாரம்' என்னும் சொல்லையே சான்றாகக் கொள்ளலாம். பழத்தை உணவாகக் கொள்ளுதல் என்னும் பொருளுடைய 'பலாகாரம்' என்ற வடசொல்லின் திரிபே அது. சோறு நீக்கிய நோன்பு நாளில், பசி தணியப் பழமோ பாலோ சிறிது உட்கொள்வதே அதன் தொடக்கப் பொருள். நாளடைவில் பழம் நழுவியது, உப்புமா வந்தது, அடை வந்தது, எண்ணெயில் பொரித்தவை வந்தன, இறுதியில் இலட்டும் முறுக்குமே பலகாரம் என்றாயின. "இன்று இராத்திரி பலகாரந்தான்" என்று பாலக்காட்டு அக்கிரகாரத்து மூதாட்டி ஒருவர் சொன்னால், அன்று ஒருபொழுது நோன்பு என்று பொருள். இலையைப் பார்த்தாலோ நோன்பின் சுவடே தெரியாது! உணவுக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஒரு சொல், கட்டுப்பாட்டைக் குலைக்கும் பண்டங்கட்கே பெயராகிவிட்ட இவ்வரலாற்றை விட வேடிக்கையானது வேறுண்டோ? 'சர்க்கரை இல்லை' என்று பொறித்த மாவுப் பிசுக்கோத்துகளை ஒரு பொட்டலம் முழுதும் தின்று, பத்தியம் காத்ததாக மகிழும் இக்கால அன்பரும் அம்மூதாட்டியின் மரபினரே.

அருமையாய் இருந்த இனிப்பு மலிந்தது எங்ஙனம்? வெள்ளைச் சர்க்கரைக்கு நம் மக்கள் வழங்கிய பெயர்களே அது வெளியிலிருந்து வந்ததைக் காட்டும். சீன நாட்டை நினைவூட்டும் 'சீனி' என்பது ஒன்று; கஞ்சம் மாவட்டத்து அஸ்கா என்னும் ஊரின் ஆலையால் வந்த 'அஸ்கா' என்பது மற்றொன்று. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தார் 1842ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை நிறுவினர். 1862ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியே பேப்பூர்க் கடற்கரையைத் தொட்டது. அதன்பின் மூட்டைகள் எளிதில் வந்தன.

பெரிய மாற்றமோ கணவாயின் கிழக்கு வாயிலிலேயே நிகழ்ந்தது. 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. அவ்விடத்தில் கரும்பு நன்கு பூத்து விதை பிடிப்பதே அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம். பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும் டி. எஸ். வேங்கடராமனும், இனிப்பு மிகுந்த நாட்டுக் கரும்பைக் காட்டில் தானே வளரும் நாணற்கரும்போடு கலந்து புதிய இனங்களை உண்டாக்கினர். 1918இல் வெளிவந்த கோ 205 அவ்வகையில் முதன்மையானது. தலைச்சேரியிற் பிறந்த அறிவியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1930களில் அந்நிலையத்திற் பணியாற்றிக் கரும்பையும் சோளத்தையும் கூடக் கலந்து ஆராய்ந்தார். 1932ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டுச் சர்க்கரையைத் தடுத்தது. முப்பது அளவில் இருந்த இந்திய ஆலைகள் சில ஆண்டுகளுள் நூற்றைத் தாண்டின. அவ்வறிஞர்கள் உழவனை வாழ வைத்தார்கள். அவர்தம் புகழ் ஓங்குக. ஆனால் பதநீர்க் கலயத்தின் அருமை அன்றே முடிந்தது.

சர்க்கரை நம்மவர் நாவில் நாள்தோறும் ஏறியதற்குத் தேநீரே ஏணி. மூணாற்று மலைகளில் 1880ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை பயிரிடத் தொடங்கினர். 1897இல் கண்ணன் தேவன் நிறுவனம் அமைந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கங்காணிகளோடு மலையேறி லயங்களில் வாழத் தலைப்பட்டன. குளிரிலும் மழையிலும் சரிவுகளில் நின்று கொழுந்து பறிப்போர்க்குச் சர்க்கரை நிறைந்த கட்டன் சாயா வெறும் பானமன்று. அரை வயிற்றுக்கு உணவு. அச்சர்க்கரை அன்றன்றே உடலுழைப்பில் எரிந்து போயிற்று. அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் கல்வி கற்று, சமவெளி நகரங்களில் நாற்காலிகளில் அமர்ந்தனர். உழைப்பு மாறியது, குவளையின் இனிப்பு மாறவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றின் துன்பத்திற்கு வேர் இங்கேதான் இருக்கின்றது என்பது என் துணிபு.

சிறுநீரில் எறும்பு மொய்க்கும் நோயைச் சுசுருதர் முதலிய பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். இன்று அதன் பரப்பு அவர்கள் கனவிலும் காணாதது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி. வயது வந்தோருள் கேரளத்தில் நூற்றுக்கு 25.5 பேருக்கு இந்நோய் உண்டு. நால்வர் அமர்ந்த பந்தியில் ஒருவர் என்று கணக்கிட்டுக் கொள்க. சர்க்கரை ஒன்றே இதற்குக் காரணமன்று. மிகுந்த சோறும் உழைப்பின்மையும் பிறப்பு வழியும் சேர்ந்த விளைவு இது. ஆயினும் இனிப்பு, எடையைக் கூட்டும் வழியில் முன்னிற்கின்றது.

"வெள்ளைச் சர்க்கரைதானே நஞ்சு? நாங்கள் மறையூர் வெல்லமும் கருப்பட்டியும் அல்லவா உண்கிறோம்?" என்று வினவுவோர் நம்மிடையே மிகுதி. ஊர்ப்பற்றுப் போற்றத்தக்கதே. வெல்லத்தில் இரும்பு முதலிய சத்துகள் சிறிதளவு உண்டு. சுவையிலோ வெள்ளைச் சர்க்கரை அதனருகே நிற்கத் தகாது. ஆனால் அதன் பெரும்பகுதி அதே கரும்பினிப்புத்தான். குருதியில் அது கலக்கும்போது தன் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு கலப்பதில்லை. புவிசார் குறியீடு பிறந்த இடத்திற்குச் சான்று; மருத்துவச் சான்று அன்று.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் ஒரு வரம்பு கூறியது. உணவின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாகவே சேர்க்கப்படும் இனிப்பு இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்கிற்குள் அடங்கினால் இன்னும் நன்று. பின்னது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. குவளைக்கு இரு கரண்டியாக மூன்று தேநீர் பருகியவர் அன்றைய பங்கை முடித்துவிட்டார். பலகாரம் எல்லாம் கடன் கணக்கு! செயற்கை இனிப்புகளால் தப்பலாம் என்று எண்ணுவோர்க்கும், எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டா என்று அந்நிறுவனமே 2023இல் அறிவுறுத்தியது.

ஆகவே, நாவை அடக்குவதற்கு நாவோடு மட்டும் போரிடுதல் வீண் முயற்சி. காலை உணவைக் கைவிட்டு மாலைவரை வாடியவரே மிட்டாய்க் கடையின் முன் நிலைகுலைகின்றார். பயறும் கீரையும் மோரும் உரிய வேளையில் உண்டவர்க்கு அவா அத்துணை வன்மையாக எழுவதில்லை. தேநீரில் ஒரேயடியாக இனிப்பை நீக்காமல் கிழமைக்கு அரைக்கரண்டி குறைத்தால் நாவு பழகிக்கொள்ளும். டப்பாவை வீட்டில் நிரப்பி வைத்துவிட்டு மனவுறுதியைச் சோதித்தல் அறிவுடைமையன்று. வேண்டியபோது கடைக்கு நடந்து சென்று ஒன்று வாங்கி உண்க. பழைய அருமையை நாமே ஓரளவு படைத்துக்கொள்ளும் வழி அதுவே. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திலும் பெரும்பகுதி, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. நீரிழிவிற்கு மருந்து உட்கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் நோன்பிருத்தல் ஆகாது. குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் காணும்போது அவர்க்கு இனிப்பே உயிர் காக்கும் மருந்து.

1948ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் எம். விசுவநாதன், 1954இல் இராயபுரத்தில் அதற்கென ஒரு மருத்துவமனையும் நிறுவினார். சோறும் இட்டிலியும் உண்டு பழகிய தமிழரை மேனாட்டுப் பத்தியத்திற்கு இழுத்துச் செல்ல அவர் முயலவில்லை. நார்ச்சத்து மிகுந்த தானியம், பயறு, காய்கறி ஆகியவற்றைக் கொண்டு நம் அடுக்களைக்கு ஏற்ற உணவுத் திட்டத்தை வகுத்து, நோயாளியின் இல்லத்தாரையும் உடனிருத்தி, எது எவ்வளவு என்று விளக்கும் முறையை வளர்த்தார். சமைப்பவர் அறியாத பத்தியம் மூன்று நாளைக்கு மேல் நிற்பதில்லை என்பது இல்லறத்தார் எவரும் அறிந்ததே.