கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்குகிறது? சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் ஸ்வீடனின் சீர்தரச் சிகிச்சைப் பாதையும்

சிறுநீரில் ஒருநாள் ரத்தம் வரும், வலி இருக்காது, மறுநாள் பழையபடி தெளிந்துவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் வந்துபோகிறது. நின்றுவிட்டதே என்று நோயாளி இருந்துவிடுவார். பெண்ணாக இருந்தால், சிறுநீர்த்தொற்று என்று மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. இந்த நோயில் நாள்கள் கரைவது இப்படித்தான்.

கரைந்த நாள்களை எண்ணும் முயற்சி புதிதல்ல. 1965இலேயே வாலஸ், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தத் தாமதத்தைப் பற்றி எழுதினார்கள். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 1,500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அறிகுறி தோன்றியதிலிருந்து முதல் சிகிச்சைவரை ஆன காலத்தின் இடைநிலை அளவு 110 நாள். மருத்துவமனைக் கட்டத்துக்கு மட்டும் அது 68 நாள். ஆனால், மருத்துவமனையில் அதிகம் காத்திருந்தவர்களே சீக்கிரம் இறந்தார்கள் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. நிலைமை மோசமாகத் தெரிந்தவர்களை மருத்துவர்கள் முதலில் கவனித்திருப்பார்கள். அதனால் கணக்கு தலைகீழாகத் தெரிந்திருக்கும். காத்திருப்புப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது இந்தப் பொறியை மறக்கக் கூடாது.

2000இல் பிரிட்டன், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவரைச் சிறப்பு மருத்துவர் இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்றது. அண்டை நாடுகளைவிடத் தன் நோயாளிகள் குறைந்த காலமே உயிர்வாழ்வதைக் கண்ட டென்மார்க் இன்னும் தூரம் போனது. புற்றுநோயை அவசர நிலையாகக் கருதுவதென 2007இல் அரசும் மாகாணங்களும் உடன்பட்டன. 2008 முதல் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் பரிசோதனைகளின் வரிசையும் நாள் கணக்கும் வகுக்கப்பட்டன. ஸ்வீடன் அதைத் தழுவித் தன் சீர்தரச் சிகிச்சைப் பாதையை 2015இல் ஐந்து புற்றுநோய்களில் தொடங்கியது. சிறுநீர்ப்பையும் சிறுநீர்ப் பாதையும் அந்த ஐந்தில் ஒன்று. ஸ்கேனுக்கும், குழாய்க் கருவியால் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைப்பது, தேதிகளைக் கோத்துத் தர ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்துவது ஆகியவையே இதன் உயிர்நாடி. புது மருந்தோ புதுக் கருவியோ எதுவுமில்லை.

பாதையின் கடிகாரமோ, மருத்துவர் தகுந்த சந்தேகம் என்று பதிவுசெய்யும் நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் வீட்டில் கழிந்த வாரங்களை அது எண்ணுவதில்லை. என் பார்வையில், இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் தேசியத் திட்டத்துக்கும் முன்னால், தென் ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில், அந்த வாரங்களையும் சேர்த்து எண்ணி நடந்த ஒரு சிறு சோதனை. சிறுநீரில் ரத்தம் கண்டவர்கள் 'சிவப்புத் தொலைபேசி'யில் நேரே அழைக்க முடிந்தது. எடுத்தவர் பயிற்சி பெற்ற செவிலியர். குடும்ப மருத்துவரின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இதை நடத்திய லீட்பெரி குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ரத்தம் தென்பட்டதிலிருந்து நோய் உறுதியாகும்வரையான இடைநிலைக் காலம் வழக்கமான முறையில் 50 நாள், தொலைபேசி வழியில் 29 நாள்.

பாதை தந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. சிறுநீர்ப்பைக் கட்டிகள் அடிக்கடி திரும்ப வருபவை. பழைய நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சிஸ்டோஸ்கோப்பிக்கு வந்துபோக வேண்டும். புதியவர்களுக்கு இடம் ஒதுக்க இவர்களின் தேதி தள்ளிப்போகிறது என்ற குறை ஸ்வீடனில் எழுந்தது. பாதையின் நாள் கணக்கு புதிய நோயாளிகளுக்கு மட்டுமே. பழையவர்களின் காத்திருப்பு அதில் ஏறுவதில்லை.