தேர்ந்தோர்க்கும் ஆசான் வேண்டும்: ஒரு டெனிஸ் குடும்பத்தின் வரலாறு

பயிற்சி தொடக்கநிலையினருக்கே உரியது, தேர்ச்சி பெற்றவனுக்கு ஆசான் வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கரவெட்டி முதலிய வடமராட்சி ஊர்களின் கூத்து மரபு இதனை ஏற்பதில்லை. பலமுறை ஆடித் தேர்ந்த கூத்தரும் அண்ணாவியார் முன்னிலையில் மீண்டும் பழகியே களரியேறுவர். விளையாட்டிற்கும் இது பொருந்துமென்பதைத் தமிழகத்து டெனிஸ் குடும்பமொன்றின் வரலாறு காட்டும்.

இராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆசானாக அமைந்தவர் அவர்தம் தந்தையார் தென்காசி கிருஷ்ணன் இராமநாதன். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் கிருஷ்ணனே. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கு அரையிறுதிவரை அவர் முன்னேறினார். தந்தையாரோ அந்நிலையை எட்டியவரல்லர். எனவே, ஆசான் மாணவனிலும் சிறந்த ஆட்டக்காரனாயிருத்தல் கட்டாயமன்று. ஆடுபவன் தன் அசைவைத் தானே காணவியலாது. அதனைக் கண்டு கூறும் கண்ணே அவனுக்கு வேண்டும்.

1966இல் டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டியில், கிருஷ்ணன் ஆடிய இந்திய அணியை, ஹரி ஹொப்மன் வழிநடத்திய அவுஸ்திரேலியா வென்றது. கிருஷ்ணனின் மைந்தர் ரமேஷ் பின்னாளில் அதே ஹொப்மனிடம் பயின்றார். 1979இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்ற ரமேஷ், 1986இல் அங்கு காலிறுதியை அடைந்தார். 1987இல் டேவிஸ் கிண்ண இறுதிக்குச் சென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். தந்தையின் அணியை வென்றவரிடம் மைந்தர் கற்றமை தாழ்வன்று. அதுவே கல்வியின் இயல்பு.

வென்றவனுக்கு மாலையிட்டு அனுப்பிவிடுதலோடு நம் பாடசாலைகளினதும் கழகங்களினதும் கடமை முடிவதில்லை. வென்ற பின்னரும் அவனைத் திருத்தும் ஆசானைப் பேணுதலும் அவற்றின் கடனாகும்.