உடலுறுப்பின் விழுக்காடு: சிங்காநல்லூர் ஆலைத் தொழிலாளரும் இழப்பீட்டு அட்டவணையும்

கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின்னர் நூற்பாலைகள் நகரின் கிழக்கே பெருகின. வசந்தா மில் அமைந்திருந்த சிங்காநல்லூர் அவ்வாறு வளர்ந்த பகுதிகளுள் ஒன்று. நூற்பாலைத் தொழில் கைவிரல்களை நம்பியது. ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிணைக்கப் பெருவிரலும் சுட்டுவிரலும் இணைந்து இயங்கவேண்டும். கார்டிங் இயந்திரத்தின் கம்பிப் பற்களுக்கு முதலில் இரையாவதும் விரல்களே. அவ்விழப்பைச் சட்டம் எவ்வாறு அளந்தது என்பது தொழிலாளர் வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை.

1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முழு நிரந்தர ஊனத்திற்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் குறைந்தது எதுவோ அது வழங்கப்பட்டது. பகுதி ஊனத்திற்கு முதல் அட்டவணை விழுக்காடு வகுத்தது: முழங்கைக்கு மேல் வலக்கை 70, இடக்கை 60, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, பிற விரல்கள் ஒவ்வொன்றும் 5. மாதம் 30 ரூபாய் ஈட்டிய ஒருவருக்கு முழு ஊனத்தின் மதிப்பு 1,260 ரூபாய். சுட்டுவிரலின் மதிப்பு 126 ரூபாய். வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையிலான வேறுபாடும் அதே 126 ரூபாய்தான். இரு கைகளும் ஒருசேர இயங்கவேண்டிய நூற்புத்தொழிலில் இவ்வேறுபாட்டிற்குப் பொருள் காண்பது அரிது.

1962ஆம் ஆண்டுத் திருத்தம் புதிய அட்டவணையைத் தந்தது. வல, இட வேறுபாடு நீங்கியது. பெருவிரல் 30, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12 என மதிப்புகள் உயர்ந்தன. எனினும் அட்டவணை உடலையே அளந்தது, தொழிலை அளக்கவில்லை. எழுத்தரின் பெருவிரலுக்கும் நூற்பாளரின் பெருவிரலுக்கும் ஒரே எண்தான். வெட்டுப்படாமலும் பயன்பாட்டை முற்றிலும் இழக்காமலும் விறைத்துப்போன விரலுக்கு அட்டவணையில் இடமே இல்லை. அத்தகைய காயங்களில் ஈட்டுந்திறன் இழப்பைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிடவேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதிசெய்தது.

முழு ஊனம் என்பதற்குச் சட்டம் தந்த வரையறையில் ஒரு வாயில் திறந்திருந்தது. விபத்து நேர்ந்தபோது தொழிலாளி செய்யவல்லவராயிருந்த எல்லா வேலைகளையும் செய்ய இயலாமற்போவதே முழு ஊனம் என்றது அது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாயிலைப் பயன்படுத்தியது. திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து, முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்தார். அட்டவணைப்படியான பகுதி ஊனமே அது என்று வேலையளித்தவர் வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் இழப்பு நூறு விழுக்காடு என ஆணையர் முடிவு செய்திருந்ததை நீதிமன்றம் ஏற்றது. உறுப்பைக் கொண்டல்லாமல் தொழிலைக் கொண்டு இழப்பை நோக்கியதே அத்தீர்ப்பின் சிறப்பு.

சிங்காநல்லூர் ஆலைத் தொழிலாளருக்கோ அப்போது வேறொரு சட்டம் பொருந்தியது. தமிழகத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் முதன்முதலில் 1955 ஜனவரி 23 அன்று கோயம்புத்தூரிலேயே தொடங்கிற்று. சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவமனை எழுந்தது. காப்பீட்டுக்குள் வந்தவர் பழைய சட்டத்தின்படி இழப்பீடு கோர முடியாது. மருத்துவக் குழு விழுக்காட்டை முடிவுசெய்யும். அதற்கேற்ற பயன், ஒருமுறைத் தொகையாக அன்றி, வாழ்நாள் முழுதும் தவணையாக வரும். கடன் தீர்க்கப் போய்விடக்கூடிய தொகைக்கு மாறாக நிலையான வருவாய் கிடைத்தது பெருநன்மையே. ஆயினும் ஒரே ஒரு விழுக்காட்டுக் குறைவும் வாழ்நாளெல்லாம் தொடர்ந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் காப்பீட்டு நீதிமன்றமும் அதனாலேயே முதன்மை பெற்றன.

பஞ்சுத்தூசினால் வரும் நுரையீரல் நோயைச் சட்டம் தொழில்நோயாக ஏற்றது. ஆனால் அதற்கு நிலையான விழுக்காடு எதுவும் இல்லை. ஒவ்வொரு நோயாளியின் இழப்பும் தனித்தனியே மதிப்பிடப்பட வேண்டியிருந்தது. காப்பீட்டு வரம்புக்குள் வராத சிறு பட்டறைகளில் 1923ஆம் ஆண்டுச் சட்டமே நீடித்தது. 2020இல் இச்சட்டத்தின் கணக்கீட்டு ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாயானது. அவ்வூதியம் பெறும் 40 வயதினர் ஒருவர் பெருவிரலை இழந்தால் ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியான 184.17ஆல் பெருக்கி, அதில் 30 விழுக்காடு, அதாவது 4,97,259 ரூபாய், பெறுவார். அவ்வாண்டே இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பழைய பட்டியலைத் தன் நான்காம் அட்டவணையில் வைத்துக்கொண்டது.