இதய அறுவைக்குப் பின் செயற்கைச் சுவாசக் குழாய் அகற்றும் காலம்

இதய அறுவையின்போது வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்தப்பட்டு, வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியுடன் இணைக்கப்படும் குழாயை அறுவை முடிந்தபின் எப்போது எடுப்பது என்பது, இதய மயக்கவியலும் தீவிர சிகிச்சையும் அரை நூற்றாண்டாக ஆராய்ந்துவரும் பொருளாகும். முந்தி எடுத்தால் நோயாளி மூச்சுத் திணறி மீண்டும் குழாய் பொருத்த நேரலாம். பிந்தினால் நுரையீரல் தொற்றும் தசைத் தளர்வும் பெருகும்.

1952இல் கோபன்ஹேகனைத் தாக்கிய போலியோ தொற்றின்போது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியலர் நோயாளிகளின் மூச்சுக்குழலில் துளையிட்டு, கைப்பையை அழுத்திக் காற்றைச் செலுத்தி நீண்டநேரச் செயற்கைச் சுவாசம் இயலும் எனக் காட்டினார். மறு ஆண்டு மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் திறந்த இதய அறுவையை முதன்முறையாக வெற்றிகரமாகச் செய்தார். உடலைக் குளிர்விப்பதும், இயந்திரத்தின் வழியே ஓடும் குருதியால் நுரையீரலில் எழும் அழற்சியும் நோயாளியை நலிவுறச் செய்ததால், அறுவைக்குப் பின்னும் கருவியின் துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டது.

எட்வர்ட் லோவன்ஸ்டைனும் உடனாய்வாளர்களும் 1969இல், மிகுந்த அளவு மார்ஃபின் என்ற வலி அடக்கியை நலிந்த இதயமும் தாங்கும் என அறிவித்தனர். 1970களின் இறுதியில் ஃபென்டனில் அவ்விடத்தைப் பெற்றது. இம்மருந்துகள் குருதி அழுத்தத்தைச் சீராகக் காத்தாலும் மூளையின் சுவாச மையத்தைப் பல மணி நேரம் அடக்கிவைத்தமையால், இரவு முழுவதும் குழாயை விட்டுவைத்து மறுநாள் காலையில் எடுப்பதே வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்தை ராட்டர்டாமில் ஓமர் பிரகாஷ் குழுவினர் 1977இல் வெளியிட்ட ஆய்வு, குழாயை முன்னதாகவே எடுக்க இயலும் எனக் காட்டி அசைத்தது. 1980இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வு, ஏறத்தாழ 2 மணி நேரத்தில் குழாய் அகற்றப்பட்டோருக்கு, 18 மணி நேரம் கருவியில் இருந்தோரைவிடத் தீங்கு மிகவில்லை எனக் கண்டது. கருவி அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும்போது மார்புக்குள் அழுத்தம் உயர்ந்து இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைவதும், இயல்பான மூச்சில் அது பெருகுவதும் இதற்கு உடலியல் அடிப்படையாகும்.

1990களில் பைபாஸ் அறுவைகள் பெருகி, தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாமல் போனபோது, குறைந்த அளவு வலி அடக்கிகளுடன் புரோபோஃபால் போன்ற விரைவில் தெளியும் மருந்துகளைச் சேர்த்து, நோயாளியை விரைந்து மீட்கும் முறை உருவாயிற்று. டொராண்டோவில் டேவி செங் குழுவினர் 1996இல் வெளியிட்ட, 100 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு, 1 முதல் 6 மணி நேரத்துக்குள் குழாயை எடுப்பது பாதுகாப்பானது என்பதோடு செலவை 25 விழுக்காடு குறைக்கும் எனவும் காட்டியது. 2019இல் வெளியான இதய அறுவை மீட்பு வழிகாட்டுதல்களும் 6 மணி நேரத்தையே பரிந்துரைத்தன.

ஆயினும் இக்கெடு எல்லோருக்கும் பொருந்தாது. நோயாளி விழித்து, சொன்னதைச் செய்து, உடல் வெப்பம் மீண்டு, மார்பு வடிகுழாயில் குருதிக் கசிவு அடங்கி, குருதி அழுத்தம் நிலைத்து, சளியை இருமி வெளியேற்றும் வலிமை பெற்றிருக்க வேண்டும். இவை அமையாதவருக்குக் காத்திருப்பதே உரிய சிகிச்சையாகும்.