‘கேள்வி எழவில்லை’: எழுத்துமூல வினாவும் சாவுக் கணக்கும்

1

2021ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் தரப்பட்ட இரண்டு பதில்கள் என் முன்னால் கிடக்கின்றன. இரண்டுமே சமூகநீதி அமைச்சகத்தின் பதில்கள். முதலாவது பிப்ரவரியில் மக்களவையில் தரப்பட்டது. பாதாளச் சாக்கடைகளையும் செப்டிக் டேங்குகளையும் சுத்தம் செய்கையில், 2020 டிசம்பர் 31 வரையிலான ஐந்தாண்டுகளில் 340 பேர் செத்திருக்கிறார்கள் என்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 52, தமிழ்நாட்டில் 43 என மாநிலவாரிக் கணக்கும் உண்டு. இரண்டாவது, ஜூலை 28 அன்று மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கே, எல். அனுமந்தையா ஆகியோரின் கேள்விக்குத் தரப்பட்டது. கையால் மலம் அள்ளியதால் சாவு எதுவும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்கிறது.

ஆறு மாத இடைவெளியில் 340 பிணங்கள் எங்கே போயின? பொய் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நாம் கத்தினோம். நானும்தான் கத்தினேன். பிறகு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தபோது தெரிந்தது, இரண்டு பதில்களுமே சட்டப்படி ‘உண்மை’ என்பது. அந்தச் சட்டத்தில் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்றால் எடுப்புக் கக்கூஸிலோ, அதன் மலம் போய் விழுகிற திறந்த சாக்கடையிலோ குழியிலோ, ரயில் தண்டவாளத்திலோ மலம் அள்ளுபவர். பாதாளச் சாக்கடைக்குள் இறங்குபவர் வேறொரு பிரிவில் வருகிறார். அவர் செய்வதற்குப் பெயர் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பாதுகாப்புக் கருவிகளை முறைப்படி கொடுத்து இறக்கினால் அது ‘அபாயகரமான’ வேலை ஆகாது. ஆகக் குழிக்குள் செத்தவர் மலத்தில் மூழ்கித்தான் செத்தார், ஆனால் மலம் அள்ளுபவராகச் சாகவில்லை. பதிலில் கையெழுத்திட்ட இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே மராட்டியத்து தலித் பேந்தர் இயக்கத்தின் வழியாக வந்தவர். கையெழுத்து அவருடையது, வாக்கியம் துறையினுடையது.

ஃபூக்கோவைப் படித்துவிட்டுச் சொல்லாடல், அதிகாரம் என்று பேசுகிற நாம் அமைச்சகங்களின் பதில்களைப் படிப்பதில்லை. சொல்லாடல் எப்படி ஆளைக் கொல்லும், கொன்றபின் பிணத்தை எப்படி ஒளித்து வைக்கும் என்பதற்கு இவற்றைவிடச் சிறந்த பிரதி கிடையாது. எழுத்துமூல வினா என்ற வடிவம் எங்கிருந்து வந்தது, அதை வைத்து அரசுத் துறையைப் பிடிக்க முடியுமா, முடியுமானால் எங்கே பிடிப்பது என்பதைப் பார்க்கலாம்.

2

இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டத்தால். மறு ஆண்டு பிப்ரவரி 16 அன்று வைஸ்ராயின் சட்டசபையில் முதல் கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் அயோத்திப் பகுதி ஜமீன்தாரான பிங்கா ராஜா. கேட்ட விஷயம் சுவாரசியமானது. வெள்ளை அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது அவர்களது முகாமுக்குச் சாமான் கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டார். துரை வந்தால் கடைக்காரனுக்கு நஷ்டம் என்பது ஊரறிந்த சங்கதி. அது அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறியது அன்றைக்குத்தான்.

ஆனால் உரிமையைத் தரும்போதே அதற்கு மூக்கணாங்கயிறும் போட்டுத்தான் தந்தார்கள். கேள்வி வெறும் தகவல் கேட்பதாக இருக்க வேண்டும். வாதமோ அனுமானமோ கூடாது. பதில் வந்தபின் அதன்மீது விவாதம் கிடையாது, துணைக் கேள்வியும் கிடையாது. கேட்டவரே துணைக் கேள்வி கேட்கலாம் என்பது 1909இல்தான் வந்தது. வாய்மொழிப் பதில் வேண்டிய வினாக்களுக்கு நட்சத்திரக் குறி போடும் வழக்கம் 1921இல் வந்தது. நட்சத்திரம் இல்லாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. அதாவது இன்றைய எழுத்துமூல வினா கிட்டத்தட்ட 1893ஆம் ஆண்டின் வினாதான். ஆட்சி மாறியது, வடிவம் மாறவில்லை. இன்றைய மக்களவை விதியும் கேள்வியில் வாதம், அனுமானம், கிண்டல், பழி சுமத்தல், அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. கோபத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இப்படிப்பட்ட அவைகளில் ஒடுக்கப்பட்டவர்களின் பிரதிநிதிகள் நுழைந்தபோது என்ன செய்தார்கள்? சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினர் எம்.சி. ராஜா 1922இல் கொண்டுவந்த தீர்மானம் ஒரு பெயரைப் பற்றியது. அரசாங்க ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை நிறுத்தி ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்றார். சோறு கேட்காமல் பெயரைக் கேட்டார் என்று அதைக் குறைத்துப் பேசியவர்களும் உண்டு. அரசாங்கம் எந்தப் பெயரில் ஒருவனைப் பதிவேட்டில் ஏற்றுகிறதோ அந்தப் பெயரில்தான் அவனுக்குச் சோறும் வரும், அடியும் வரும். ராஜாவுக்கு அது தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு பற்றிக் கொண்டுவந்த தீர்மானமும் நிறைவேறியது. தீர்மானம் என்பது வாக்குறுதி. அது எந்த ஊரில், எந்தத் தெருவில் நடந்தது என்று கேட்க, கையில் மிஞ்சும் கருவி கேள்வி ஒன்றுதான்.

3

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு விடுதியின் செப்டிக் டேங்கில் இறங்கியவர் மேலே வரவில்லை. பத்திரிகையில் ‘விஷவாயு தாக்கி’ என்று நான்கு வரி வந்தது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மூலமாகக் கேள்வி போடலாம் என்று போனோம். நான் எழுதிய வரைவில் ‘சாதிக் கொடுமை’, ‘அரசின் மெத்தனம்’, ‘படுகொலை’ எல்லாம் இருந்தன. உறுப்பினரின் உதவியாளர் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார்.

“தோழர், இதெல்லாம் மேடையில பேசுங்க. இங்க போட்டா கேள்வியே உள்ள போகாது. அவங்ககிட்ட எந்த ரெஜிஸ்டர் இருக்கோ அதைக் கேளுங்க. இல்லாததைக் கேட்டா இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவான்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே வந்ததும் இவரும் ஒரு குமாஸ்தாதான் என்று நண்பர்களிடம் சொன்னேன். அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது 2020 செப்டம்பரில்.

அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது எழுத்துமூல வினா மட்டும். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் செத்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுத்தீர்களா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்கப்பட்டது. கூட்டத்தொடரின் முதல் நாளான செப்டம்பர் 14 அன்று பதில் வந்தது: அப்படிப்பட்ட விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே அடுத்த கேள்வி எழவில்லை.

‘எழவில்லை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்கில்லை, எனவே செத்தவன் இல்லை, எனவே நிவாரணம் இல்லை. ஒரு இலக்கண வாக்கியத்துக்குள் மூன்று கதவுகள் சாத்தப்படுகின்றன.

அதே கூட்டத்தொடரில், சில நாட்கள் கழித்து, மாநிலங்களவையில் டெரிக் ஓ’பிரையன் கேட்டதற்கு ரயில்வே அமைச்சகம் ஒரு பதில் தந்தது. ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்கையில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக மாநிலப் போலீஸ் தந்த விவரம் சொல்கிறது என்றது. செத்தவர்கள் அதே தொழிலாளர்கள். அரசாங்கமும் அதே அரசாங்கம். ஒரு துறைக்குப் பிணம் தெரியவில்லை, இன்னொரு துறையிடம் எண்ணிக்கை இருக்கிறது. ரயிலில் ஒருவர் செத்தால் போலீஸ் பதிந்தாக வேண்டும். சாலையோரத்தில் நடந்தே செத்தவரைப் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று பதிய எந்தப் பதிவேடும் இல்லை. ரெஜிஸ்டரைக் கேளுங்க என்று அந்த உதவியாளர் சொன்னது இதைத்தான்.

4

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். இருக்கிற பதிவேட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அரசின் வரையறைக்குள்ளேயே நாம் அடைபட்டுவிட மாட்டோமா? நியாயமான ஆட்சேபம். இதற்கு இரண்டு பதில் உண்டு.

ஒன்று, பதிவேட்டில் இருப்பதையே குறுக்காக வெட்டிக் கேட்கலாம். 2021 டிசம்பரில் மனோஜ் ஜா மாநிலங்களவையில் கேட்டது சாதிவாரிக் கணக்கை. அமைச்சகம் பதில் தந்தாக வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்ட 58,098 பேரில் சாதி விவரம் உள்ளவர்கள் 43,797 பேர்; அவர்களில் பட்டியல் சாதியினர் 42,594 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல். நம் கட்டுரைகள் ஆண்டாண்டாகச் சொல்லிவந்ததை இந்த எண் அரசின் வாயாலேயே சொல்ல வைத்தது. நான் வரைவில் எழுதிய ‘சாதிக் கொடுமை’ என்ற அடைமொழி இருந்திருந்தால் அந்தக் கேள்வி உள்ளேயே போயிருக்காது. அடைமொழி இல்லாமல் கேட்டதால் கொடுமை எண்ணாக வெளியே வந்தது. அதே பதிலிலும் மலம் அள்ளியதால் சாவு இல்லை என்ற பழைய வாக்கியம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு, பதிவேடே இல்லாத இடத்தில் அதை வெளியிலிருந்து உண்டாக்க வேண்டும். சாக்கடைச் சாவுக்கு இன்று ஒரு எண் இருக்கிறதென்றால் அது அமைச்சகத்தின் கருணையால் வந்ததல்ல. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடை வேலையில் இறந்த அனைவரையும் அடையாளம் கண்டு குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023இல் அது 30 லட்சமானது. பணம் கொடுக்க வேண்டுமென்றால் ஆளை எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணினால் கேள்வி கேட்கலாம். கேட்டால் எத்தனை பேருக்குக் கொடுத்தாய், மற்றவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். நடந்து செத்த தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு தீர்ப்பு இல்லை. அதனால் அவர்களது கேள்வி ‘எழவில்லை’. தெருவிலும் நீதிமன்றத்திலும் நடக்கிற சண்டைதான் பதிவேட்டை உண்டாக்குகிறது. எழுத்துமூல வினா அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிற சாவி. சாவியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைக் கட்ட முடியாது.

கேள்வியின் மதிப்பு முதலாளிகளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். 1951இல் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டது உள்ளிட்ட குற்றச்சாட்டில் முட்கல் என்ற உறுப்பினர் சிக்கி, வெளியேற்றப்படும் முன் பதவி விலகினார். 2005 டிசம்பர் 23 அன்று அதே குற்றத்துக்காக மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவரும் வெளியேற்றப்பட்டார்கள். கேள்விக்கு வலு இல்லையென்றால் அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

5

துறைகள் தப்பிக்கும் இன்னொரு வழி, ‘தகவல் சேகரிக்கப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்ற வாக்கியம். இது கைகழுவல் போலத் தோன்றும். அவை வழக்கத்தில் இது ஒரு உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இப்படிப்பட்ட உறுதிமொழிகளைத் துரத்துவதற்கென்றே மக்களவையில் 1953இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. இந்த வாக்கியத்தைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறோம். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்றாம் மாத முடிவில் கதவைத் தட்ட வேண்டிய இடம் அது.

2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. உறுப்பினரின் கேள்வியையும் தெருவில் நிற்பவரின் கேள்வியையும் சமமாக வைத்த வரி அது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை வெட்டியது. இதற்குப் பிறகு உறுப்பினரின் வாய் வழியாகக் கேட்கிற கேள்வியின் தேவை நமக்குக் கூடியிருக்கிறது.

எங்கள் கேள்வி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உதவியாளர் திருத்திய வடிவத்திலேயே கொடுத்தோம். மக்களவையில் ஒரு நாளுக்கு எழுத்துமூல வினாக்கள் 230தான் எடுப்பார்கள். எவை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். எங்களுடையது விழவில்லை. அன்றைக்குச் சலித்துப்போய் விட்டுவிட்டோம். விட்டது தப்பு.

இப்போது மறுபடி எழுதியிருக்கிறேன். ‘படுகொலை’ இல்லை, ‘மெத்தனம்’ இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபாயகரமான சுத்திகரிப்பில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஆண்டுவாரியாக எத்தனை பேர், மாவட்டவாரியாக எத்தனை, எத்தனை குடும்பங்களுக்கு நிவாரணம் தரப்பட்டது, தேதி என்ன, எத்தனை முதலாளிகள்மீது வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை. செத்தவரின் பெயரைக் கேள்வியில் போட இடமில்லை. அவருடைய ஊர் இருக்கிற மாவட்டத்தின் வரிசையில் ஒன்று கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கூடவில்லையென்றால் அடுத்த கேள்வி அதுதான்.