சாக்கே

சாக்கே என்பது அரிசி, நீர், ஈஸ்ட், கோஜி எனப்படும் பூஞ்சை வளர்த்த அரிசி ஆகியவற்றை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படும் ஜப்பானிய மதுபானம் ஆகும். ஜப்பானில் இது நிஹொன்ஷு எனப்படுகிறது. சாக்கே என்னும் சொல் அங்கு எல்லா மதுவகைகளையும் குறிக்கும். இதில் மதுசாரம் பெரும்பாலும் 15% அளவில் இருக்கும்.

தெரிவு செய்தல்

குப்பியில் காணப்படும் 60% போன்ற எண், தீட்டிய பின் எஞ்சிய அரிசியின் அளவாகும். நீக்கப்பட்ட அளவு அன்று. இது கின்ஜோ வகைக்கு 60 விழுக்காட்டையும் தைகின்ஜோ வகைக்கு 50 விழுக்காட்டையும் மிஞ்சக்கூடாது. பழமணம் கமழும் இவ்விரண்டும் குளிரவைக்கப்பட்டு, சஷிமி போன்ற மென்சுவை உணவுகளுடன் அருந்தப்படுகின்றன. விலையுயர்ந்தது எதற்கும் பொருந்தும் என எண்ணித் தைகின்ஜோவை நன்கு சூடாக்கினால் அதன் மணம் கெடும். சுட்ட மீனுக்கும் குளிர்கால இரவுக்கும், கூடுதலாகத் தீட்டப்படாத, மதுசாரம் சேர்க்காத ஜுன்மாயை 40 முதல் 50 பாகை செல்சியசு வரை சூடாக்கி அருந்துவதே ஏற்றது.

நிஹொன்ஷுதோ என்னும் அளவீட்டில் நேர் எண் இனிப்புக் குறைவையும் எதிர் எண் இனிப்பு மிகுதியையும் காட்டும். புளிப்பு மிகுந்தால் இனிப்பு நாவில் குறைந்து தோன்றுமாதலால் இவ்வெண்ணை மட்டும் நம்ப இயலாது.

வழக்கங்கள்

புத்தாண்டில் மூலிகைகள் ஊறிய தொசோ அருந்தப்படுகிறது. ஷிந்தோ திருமணத்தில் மணமக்கள் மூன்று கிண்ணங்களில் சாக்கே பருகுவர். ஜப்பானில் வயதுவரும் அகவை 2022 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டபோதும், மது அருந்துவதற்கான அகவை 20 ஆகவே உள்ளது.